சம்பளக் கணக்கில் காணாமற்போகும் நிமிடங்கள்: அமெரிக்காவில் மணிக்கூலித் தொழிலாளர் என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஒரு கிடங்கில் மணிக்கூலிக்கு வாரம் ஐந்து நாள் வேலை செய்கிறீர்கள். காலை 7 மணி ஷிஃப்டுக்கு 6:53க்குப் பஞ்ச் செய்து (வருகை நேரத்தை இயந்திரத்தில் பதிந்து) அப்போதே வேலையைத் தொடங்குகிறீர்கள். பிற்பகல் 3:37க்குப் பஞ்ச் செய்து வெளியேறுகிறீர்கள். சம்பளச் சீட்டிலோ 7:00 முதல் 3:30 வரைதான் கணக்கு இருக்கிறது. உணவு இடைவேளை முழுதாகக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அரை மணி நேரம் தானாகவே கழிக்கப்படுகிறது. ஒருமுறை, நீங்கள் பதிந்த நேரத்தை மேற்பார்வையாளர் மாற்றியிருந்ததையும் செயலியில் பார்த்திருக்கிறீர்கள். "சில நிமிடங்கள்தானே, விட்டுவிடு" என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். இதில் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். ஆனால் புகார் செய்வதற்கு முன் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும், அதற்கும் முன்பாக உங்களுக்கென்று ஒரு நேரப்பதிவு வைத்துக்கொள்ளத் தொடங்க வேண்டும். இந்த வரிசை முக்கியம் என்பதால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; இத்தகைய வழக்குகளில் தொழிலாளி தோற்பது பெரும்பாலும் நியாயம் இல்லாததால் அல்ல, எந்த நாளில் எத்தனை நிமிடம் என்று கேட்கும்போது சொல்ல எதுவும் கையில் இல்லாததால்தான்.

கணக்கைப் பார்ப்போம். காலையில் 7 நிமிடம், பிற்பகலில் 7 நிமிடம், ஆக ஒரு நாளைக்கு 14 நிமிடம். வாரத்துக்கு 70 நிமிடம். ஆண்டில் 50 வாரம் வேலை என்று கொண்டால் 58 மணி 20 நிமிடம். உங்கள் சீட்டில் ஏற்கெனவே வாரத்துக்கு 40 மணி நேரம் நிறைந்துவிடுவதால், விடுபட்ட ஒவ்வொரு நிமிடமும் ஓவர்டைம் நிமிடம். கூலி மணிக்கு 18 டாலர் என்றால் ஓவர்டைம் விகிதம், அதாவது ஒன்றரை மடங்கு, 27 டாலர். ஆண்டுக்கு 1,575 டாலர். உணவு இடைவேளையில் பறிபோன நேரத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. இதே தொகையை நூறு தொழிலாளருக்கு நிறுவனத்தின் பக்கத்திலிருந்து கூட்டிப் பார்த்தால், "சில நிமிடங்கள்தானே" என்ற பேச்சு யாருக்குச் சாதகமானது என்பது விளங்கும். இது புதிய பழக்கமும் அல்ல. 1850களிலேயே இங்கிலாந்தின் தொழிற்சாலை ஆய்வாளர்கள், நாளுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாக வேலை வாங்கினால் ஆண்டில் இரண்டரை நாள் உற்பத்தி கூடுகிறது என்று கணக்கிட்டு அரசுக்கு அறிக்கை எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் கேள்வியில் மூன்று தனித்தனிச் செயல்கள் கலந்திருக்கின்றன: நேரத்தை ரவுண்டிங் செய்வது (பதிந்த நேரத்தை அருகிலுள்ள முழு அளவுக்கு மாற்றிக் கணக்கெழுதுவது), உணவு இடைவேளையைத் தானாகக் கழிப்பது, பதிந்த நேரத்தைத் திருத்துவது. சட்டம் இவற்றை ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பதால், புகாரிலும் இவற்றைப் பிரித்தே எழுத வேண்டும்.

ரவுண்டிங்கிற்குக் கூட்டாட்சி விதிகளில் இடம் உண்டு. 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் கீழ் வரும் 785.48ஆம் விதி, பஞ்ச் நேரத்தை அருகிலுள்ள 5 நிமிடத்துக்கோ, 6 நிமிடத்துக்கோ, கால் மணிக்கோ சரிசெய்துகொள்ள முதலாளிக்கு அனுமதி தருகிறது. கால் மணிக் கணக்கில் 7 நிமிடம் வரை ஒரு பக்கம் போகும், 8 நிமிடத்திலிருந்து மறுபக்கம் போகும். உங்கள் 6:53உம் 3:37உம் சரியாக அந்த ஏழு நிமிட எல்லையில் நிற்பது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. ஷிஃப்டுக்கு ஏழு நிமிடத்துக்கு முன்பே பஞ்ச் செய்யக் கூடாது, முடிந்து ஏழு நிமிடத்துக்குள் பஞ்ச் செய்துவிட வேண்டும் என்று உங்கள் நிறுவனத்தில் விதி இருக்கிறதா என்று பாருங்கள். 785.48ஆம் விதிக்கு ஒரு நிபந்தனையும் உண்டு: காலப்போக்கில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்து, உண்மையில் உழைத்த நேரம் முழுவதற்கும் கூலி போய்ச் சேர வேண்டும். 7:05க்கு வந்தவருக்கும் 7:00 என்று கணக்கெழுதினால் அது இருபக்கமும் வேலை செய்யும் ரவுண்டிங். அப்படித் தாமதமாக வருபவருக்கு எச்சரிக்கைப் புள்ளி போட்டுத் தண்டிக்கிறார்கள் என்றால், யாரும் தாமதமாக வரத் துணியமாட்டார்கள். காகிதத்தில் நடுநிலையாகத் தோன்றும் விதி நடைமுறையில் எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும். 2023இல் 8ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியில், சில மாநிலங்களைக் கொண்ட ஒரு வட்டாரத்துக்கான கூட்டாட்சி நீதிமன்றம்), எழுத்தில் நடுநிலையாக இருந்த ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் ரவுண்டிங் முறை நடைமுறையில் ஊழியர்களின் நேரத்தைக் குறைத்தது என்ற காரணத்தால், அவர்களுடைய வழக்கைத் தொடர அனுமதித்தது. கலிஃபோர்னியாவில் உணவு இடைவேளைப் பதிவுகளை ரவுண்டிங் செய்யவே கூடாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்துவிட்டது. அட்டையில் அச்சான நேரத்தைக் கையால் கூட்டிய காலத்தில் ரவுண்டிங்கிற்கு ஒரு காரணம் இருந்தது. நொடிவரை பதிந்து தானே கூட்டிக்கொள்ளும் மென்பொருள் வந்தபின் அந்தக் காரணம் எஞ்சியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இங்கே முதலாளிகள் சொல்லக்கூடிய ஒரு மறுப்பையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். முன்கூட்டியே பஞ்ச் செய்துவிட்டு, வேலை எதுவும் செய்யாமல் காத்திருந்த நேரத்துக்குக் கூலி தர வேண்டியதில்லை என்று அதே 785.48ஆம் விதி சொல்கிறது. ஆகவே 6:53க்கும் 7:00க்கும் இடையில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வியே. ஸ்கேனரை எடுத்து இயக்கினீர்களா, பாதுகாப்பு உடையை அணிந்தீர்களா, அன்றைய பணிப்பட்டியலை வாங்கினீர்களா, முந்தைய ஷிஃப்டிடமிருந்து பொறுப்பேற்றீர்களா என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி "வேலை செய்யச் சொல்லவில்லை" என்று சொல்வது போதாது. வேலை நடப்பதை அறிந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையிலும், அதை அனுமதித்தால் அது வேலை நேரமே. முன் அனுமதி இல்லாத ஓவர்டைமுக்காக உங்களைக் கண்டிக்கலாம், ஆனால் கூலியை நிறுத்த முடியாது.

எல்லாக் காத்திருப்பும் கூலிக்குரியது அல்ல என்பதும் உண்மை. அமேசான் கிடங்குகளில் ஷிஃப்ட் முடிந்தபின் பாதுகாப்புச் சோதனைக்காக ஏறக்குறைய 25 நிமிடம் வரை வரிசையில் நின்றதாகத் தொழிலாளர்கள் கூறிய வழக்கில், கூட்டாட்சிச் சட்டப்படி அதற்குக் கூலி கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் ஆப்பிள் நிறுவனக் கடைகளில் நடந்த பைச் சோதனை பற்றிய வழக்கில் 2020இல் அதற்கு நேர்மாறாக, மாநிலச் சட்டப்படி கூலி உண்டு என்றது. எந்த மாநிலத்தில் வேலை செய்கிறீர்கள் என்பது இதில் இவ்வளவு தூரம் முடிவை மாற்றுகிறது.

உணவு இடைவேளைக்கு வருவோம். வேலையிலிருந்து முழுமையாக விடுவிக்கப்பட்டு, வழக்கமாக 30 நிமிடமாவது இருந்தால்தான் அதைக் கூலியில்லாத உணவு நேரமாகக் கருதலாம். 5 முதல் 20 நிமிடம் வரையிலான சிறு ஓய்வு கூலிக்குரிய நேரம். தானாகக் கழிப்பது தன்னளவில் குற்றம் அல்ல. இடைவேளை கலைக்கப்பட்ட நாளில் அதை மீட்டுச் சேர்க்க ஒரு வழி இருக்க வேண்டும், அந்த வழி உண்மையிலேயே செயல்பட வேண்டும். படிவம் இருக்கிறது, ஆனால் அதை நிரப்பிக் கொடுத்தவரை மேற்பார்வையாளர் முறைக்கிறார் என்றால் வழி இருப்பதாகச் சொல்ல முடியாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லாரி வந்துவிட்டது என்று அழைத்தார்கள் என்றால், யார் அழைத்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று அன்றே எழுதிவையுங்கள்.

மூன்றாவது செயல், பதிந்த நேரத்தைத் திருத்துவது, மற்ற இரண்டையும்விடக் கடுமையானது. பஞ்ச் செய்ய மறந்தவரின் நேரத்தைச் சரிசெய்ய மேலாளருக்கு அந்த அதிகாரம் தேவைதான். உழைத்த நேரத்தைக் குறைக்க அதைப் பயன்படுத்தினால் அதற்கு எந்த விதியும் துணை நிற்காது. நேரப்பதிவு மென்பொருள்கள் பெரும்பாலும் யார், எப்போது, எந்த நேரத்தை எந்த நேரமாக மாற்றினார் என்ற திருத்த வரலாற்றைச் சேமித்து வைக்கின்றன. அது உங்கள் திரையில் தெரியாவிட்டாலும் அமைப்பில் இருக்கும். விசாரணை அதிகாரியோ வழக்கறிஞரோ கேட்டுப் பெறலாம். வாரம் 40 மணியைத் தாண்டும் நாட்களில் மட்டும் திருத்தங்கள் குவிந்திருந்தால், தெரிந்தே செய்த மீறல் என்று காட்ட அதுவே வலுவான சான்று.

"மிகச் சிறிய நேரம், கணக்கில் எடுக்கத் தேவையில்லை" என்ற வாதம் நிச்சயம் வரும். அதற்கு 785.47ஆம் விதியில் இடம் இருக்கிறது. 1984இல் 9ஆவது வட்டார நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்று, நாளுக்கு ஏழெட்டு நிமிடம் இழந்தவர்களின் கோரிக்கையைத் தள்ளியதும் உண்டு. ஆனால் அந்த விதி பேசுவது பதிவதற்கே கடினமான, எப்போதாவது நேரும், நிச்சயமற்ற நொடிகளையும் நிமிடங்களையும் பற்றி. வழக்கமாக, தினமும், அளக்கக்கூடிய நேரம் எவ்வளவு சிறியதானாலும் அதை விட்டுவிடக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. 10ஆவது வட்டார நீதிமன்றம் 2021இல், அழைப்பு மைய ஊழியர்கள் கணினியை இயக்கி உள்நுழைய ஒரு ஷிஃப்டுக்குச் செலவிட்ட ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்குக்கூட இந்த வாதத்தை ஏற்கவில்லை. ஸ்டார்பக்ஸ் வழக்கில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கடையைப் பூட்டும் வேலைகளுக்காக ஒரு ஊழியர் தினமும் பஞ்ச் செய்து முடித்தபின் 4 முதல் 10 நிமிடம் வரை செலவிட்டார். 17 மாதத்தில் அது 12 மணி 50 நிமிடம், அன்றைய குறைந்தபட்சக் கூலியில் 102 டாலர் 67 சென்ட். மணிக்கூலிக்கு உழைப்பவருக்கு அது ஒரு வார மளிகைச் செலவோ ஒரு மாதப் பேருந்துக் கட்டணமோ ஆகலாம், அதை அற்பம் என்று ஒதுக்க முடியாது என்று நீதிபதிகள் எழுதினார்கள். உங்கள் நேரம் ஏற்கெனவே பஞ்ச் இயந்திரத்தில் பதிந்தே இருப்பதால், அளப்பது கடினம் என்ற வாதம் உங்களிடம் இன்னும் வலுவிழக்கிறது.

பலரும் கவனிக்கத் தவறும் ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்பது இரண்டை: ஒன்று, குறைந்தபட்சக் கூலி (2009 ஜூலை முதல் மணிக்கு 7.25 டாலர்); மற்றொன்று, வாரத்தில் 40 மணிக்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்குக் கூலி. வாரம் 32 மணி நேரம் மட்டும் வேலை செய்பவரிடமிருந்து ஒரு மணி நேரத்தைத் திருடினாலும், அந்த வாரத்தில் கொடுத்த மொத்தத் தொகையை உழைத்த மொத்த மணிகளால் வகுத்தால் 7.25 டாலருக்குக் குறையாதிருந்தால், கூட்டாட்சிச் சட்டத்தில் அவருக்குக் கோரிக்கை இல்லை என்றே பல நீதிமன்றங்கள் கூறியுள்ளன. அத்தகையவர் மாநிலக் கூலிச் சட்டத்தை நாட வேண்டும். உங்கள் நிலை வேறு; 40 மணி நிறைந்துவிடுவதால் உங்களுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. ஆனால் உங்களோடு சேர்ந்து புகார் செய்ய வரும் பகுதிநேரத் தொழிலாளருக்கு இதை முதலிலேயே விளக்கிவிடுங்கள்.

இனி சான்று. நேரத்தைப் பதிந்து வைக்க வேண்டிய கடமை முதலாளியுடையது. அவர் அதைச் சரியாகச் செய்யாதபோது என்ன ஆகும் என்பதை 1946இல் மவுண்ட் கிளெமென்ஸ் பாட்டரி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துவைத்தது. மிச்சிகனில் இருந்த அந்தப் பீங்கான் ஆலையின் கணக்கு உங்கள் கிடங்கின் கணக்குக்கு மூதாதை. 6:46க்கு உள்ளே வந்து 12:14க்கு வெளியேறி, 12:46க்குத் திரும்பி 4:14க்கு முடிக்கும் ஒருவருக்கு 7 முதல் 12 வரை, 1 முதல் 4 வரை, மொத்தம் 8 மணி நேரம் என்று எழுதினார்கள். இயந்திரம் பதிந்ததைவிட 56 நிமிடம் குறைவு. அந்த 56 நிமிடமும் வேலை நேரம்தான் என்று நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை, மறுஆண்டே நாடாளுமன்றம் நடைநேரத்தையும் ஆயத்த நேரத்தையும் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதி இன்றும் உயிரோடிருக்கிறது: முதலாளியின் பதிவு தவறாகவோ அரைகுறையாகவோ இருந்தால், தொழிலாளி நியாயமான ஊகத்துக்கு இடம் தரும் அளவு சான்று காட்டினால் போதும், அதை மறுக்கும் பொறுப்பு அதன்பின் முதலாளியிடம் போய்விடும்.

ஆகவே ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்கி, நாள்தோறும் வேலை முடிந்ததும் தேதி, வந்த நேரம், உண்மையில் வேலை தொடங்கிய நேரம், முதலில் செய்த வேலை, உணவு இடைவேளை, முடித்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். வார இறுதியில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பாதீர்கள், அழகாகத் திருப்பி எழுதாதீர்கள், நேரம் குறையாத நாட்களையும் விடாமல் எழுதுங்கள். சாதகமான நாட்கள் மட்டும் இருக்கும் பதிவை எந்த அதிகாரியும் நம்பமாட்டார். உங்கள் டைம்ஷீட் திரையை அன்றன்று படம் பிடித்து, நிறுவனத்துக்குச் சொந்தமல்லாத கைப்பேசியில் வையுங்கள். சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். பிறருடைய பதிவுகளை எடுப்பதும், உங்களுக்கு அனுமதியில்லாத கணினிப் பக்கங்களைத் திறப்பதும் வேண்டாம், அது உங்களைப் பணிநீக்கம் செய்ய அவர்களுக்குக் கிடைக்கும் காரணமாகிவிடும். மேற்பார்வையாளரின் பேச்சை ஒலிப்பதிவு செய்யும் முன் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியா போன்ற இடங்களில் பேசும் அனைவரின் சம்மதமும் இல்லாமல் தனிப்பட்ட உரையாடலைப் பதிவது குற்றம்.

சில வாரப் பதிவு சேர்ந்ததும், மனிதவளப் பிரிவுக்கு அமைதியான மொழியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இன்னின்ன தேதிகளில் இயந்திரம் காட்டிய நேரம் இது, கூலி கொடுக்கப்பட்ட நேரம் இது, வித்தியாசம் இத்தனை நிமிடம், அதற்கான ஓவர்டைம் கூலியைச் சேர்த்துத் தருமாறு கேட்கிறேன் என்பதற்கு மேல் எதுவும் தேவையில்லை. திருட்டு, மோசடி போன்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். நிமிடங்களே போதுமான அளவு பேசும். அமைப்பின் குறைபாடு என்று சொல்லிச் சரிசெய்துவிடும் நிறுவனங்களும் உண்டு. சரிசெய்யாவிட்டாலும், அவர்களுக்குத் தெரியப்படுத்தப்பட்டது என்பதற்கு அந்த மின்னஞ்சல் சாட்சியாக நிற்கும், அது பின்னால் மிகவும் பயன்படும்.

பழிவாங்குவார்களோ என்ற அச்சம் இயல்பானது. சட்டம் பழிவாங்கலைத் தடை செய்கிறது. வாய்மொழியாகச் சொன்ன புகாருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அந்த வழக்கே பஞ்ச் இயந்திரங்களைத் தவறான இடத்தில் வைத்திருந்ததால் பாதுகாப்பு உடை அணியும் நேரம் கணக்கில் வரவில்லை என்று ஒருவர் முறையிட்டதில் தொடங்கியதுதான். அதோடு, 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுகள் சட்டப்படி, தொழிற்சங்கம் இல்லாத இடத்திலும் தனியார் துறைத் தொழிலாளர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கூலி பற்றிப் பேசுவதும் முறையிடுவதும் பாதுகாக்கப்பட்ட செயல். மேற்பார்வையாளர்களுக்கும் பண்ணைத் தொழிலாளர்களுக்கும் அது பொருந்தாது. முடிந்தால் தனியாகப் போகாமல் சேர்ந்து போங்கள். இருந்தாலும் பாதுகாப்பு என்பது பணிநீக்கம் நடக்கவே நடக்காது என்ற உறுதி அல்ல, நடந்தால் நிவாரணம் கேட்கலாம் என்பதுதான். அதைக் குடும்பத்தோடு பேசி எடைபோட்டுவிட்டு அடியெடுத்து வையுங்கள்.

நிறுவனம் அசையாவிட்டால், அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஊதிய மற்றும் வேலைநேரப் பிரிவில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். புகார் செய்தவரின் பெயரை அவர்கள் வெளியிடுவதில்லை, குடியேற்ற நிலை எதுவானாலும் உழைத்த நேரத்துக்கான கூலிச் சட்டம் பொருந்தும். மாநிலத் தொழிலாளர் ஆணையத்திலும் புகார் செய்யலாம், பல மாநிலங்களில் அதுவே வலுவான வழி. நீதிமன்றம் போனால், வராத கூலியோடு அதே அளவு தொகையை இழப்பீடாகவும் கேட்கலாம். வென்றால் உங்கள் வழக்கறிஞர் கட்டணத்தையும் முதலாளியே கொடுக்க வேண்டும் என்பதால் சிறு தொகைக்கும் வழக்கறிஞர் கிடைக்க வழி இருக்கிறது. வேலையில் சேரும்போது நடுவர் தீர்ப்பாய ஒப்பந்தத்தில் (தகராறை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் தனியார் நடுவரிடம் தீர்த்துக்கொள்வதாகச் செய்யும் ஒப்பந்தத்தில்) கையெழுத்திட்டிருந்தால், 2018இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கூட்டாக வழக்குப் போடும் வழி அடைபடலாம்; அரசுத் துறையிடம் புகார் செய்யும் உரிமையை அந்த ஒப்பந்தம் பறிக்காது.

காலக்கெடுவைத் தள்ளிப்போட முடியாது. கூட்டாட்சிச் சட்டத்தில் 2 ஆண்டு, தெரிந்தே செய்த மீறல் என்று நிரூபித்தால் 3 ஆண்டு. நியூயார்க் மாநிலச் சட்டத்தில் 6 ஆண்டு. வழக்குத் தொடுத்த நாளிலிருந்து பின்னோக்கித்தான் இது எண்ணப்படும், ஆகவே நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு சம்பள நாளுக்கும் பழைய சம்பள நாள் ஒன்று கைவிட்டுப் போகிறது. தொழிலாளர் துறையில் கொடுத்த புகார் மட்டும் இந்தக் கெடுவை நிறுத்தாது. பிறர் தொடங்கிய கூட்டு வழக்கில் சேர்வதானாலும், உங்கள் எழுத்துச் சம்மதம் நீதிமன்றத்தில் பதிவாகும் நாள்வரை உங்கள் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். தொழிலாளர் துறையின் மேற்பார்வையில் நிலுவைக் கூலி தருகிறோம் என்று காசோலையும் படிவமும் வந்தால், அதில் கையெழுத்திட்டு முழுத் தொகையைப் பெற்றுக்கொள்வது அந்தக் காலத்துக்கு நீங்களே வழக்குத் தொடுக்கும் உரிமையைக் கைவிடுவதாகும் என்பதால், உங்கள் நோட்டுப் புத்தகத்தின் கூட்டுத்தொகையையும் காசோலையின் தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.